போனுக்குக் காப்புக் கட்டியவன்

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்படிப்பட்ட திண்ணனூர் நாட்டில் அர்த்தனாரியைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவன் என்பார் ஒருவர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எழுதிக்கொண்டே இருப்பான் என்பார் இன்னொருவர். அவனைப் பெற்ற கண்ணாயி மட்டும், "எம்மவன் கம்ப்யூட்டர்ல ஏத்தறவன்" என்பாள். மூன்று பேரில் சரியாகச் சொன்னவள் அவள்தான். அது அவளுக்கே தெரியாது.

கம்பெனியில் அவன் பார்த்த வேலை அதுவேதான். போனில் போடும் ஆப்பை ஒருத்தன் எழுதுவான். ஒருத்தி அதற்குப் படம் வரைவாள். வேறொருத்தன் உட்கார்ந்து குற்றம் கண்டுபிடிப்பான். எல்லாம் முடிந்து மூட்டை கட்டிய பிறகு, அதை ஆப் கடையில் கொண்டுபோய் இறக்குகிறவன் அர்த்தனாரி. கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி தட்ட வேண்டும். அந்த வரியும் அவனுக்கு முன்னால் இருந்தவன் எழுதிவைத்துவிட்டுப் போனது. தட்டினால் மூட்டை போய்ச் சேரும். மலையடிவாரத்தில் காரவள்ளியில் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றுகிறவருக்கும் இவனுக்கும் ஒரு வித்தியாசம்தான். அவருக்கு முதுகு வலிக்கும்.

ஒரு நாள் அந்த வரியைத் தானாகவே ஓடும்படி யாரோ செய்துவிட்டார்கள். அர்த்தனாரிக்குப் பூங்கொத்துக் கொடுத்து, கைதட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். ஊரில் வந்து இறங்கியவன், "இனிமேல் வீட்டிலிருந்தே வேலை" என்றான். அதில் பாதி உண்மை இருந்தது. வீடு இருந்தது.

மலையில் சிக்னல் காற்றடிக்கிற பக்கம் சாயும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த பாறைமேல் ஏறினால் மட்டும் கொஞ்சம் நிலையாக நிற்கும். அந்தப் பாறையில் ஒரு சாக்கை விரித்து, மடியில் லேப்டாப்பை வைத்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அர்த்தனாரி உட்கார்ந்திருப்பான். ஆப் கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. படம் படமாக இருக்கும், பொத்தானை அமுக்கினாலே எல்லா வேலையும் ஆகும். அதை அவன் தொடுவதில்லை. "அதெல்லாம் பக்கத்தத் தொறந்து பொத்தான் அமுக்கற சனத்துக்கு" என்பான். "நம்முளது கட்டளைங்க. ஒரு வரி போட்டா, போச்சுன்னா போச்சு, இல்லீன்னா இல்லேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லீரும்."

ஜீப் ஓட்டும் சின்னராசுக்கு இது போதும். பாறையைக் கடக்கும்போதெல்லாம் ஜீப்பை நிறுத்தி, "ஏண்டா அர்த்தனாரி, இன்னைக்கு என்ன ஏத்துன?" என்பான்.

"சோதனைக்கு ஒண்ணு."

"எங்க ஏத்துன? நான் பாக்கறப்பெல்லாம் நீதான் பாறையில ஏறி உக்காந்திருக்கற."

பயணிகள் சிரிப்பார்கள். அர்த்தனாரி திரையைப் பார்ப்பான். திரையில் ஒன்றும் இருக்காது.

இந்த நிலையில்தான் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெரக்கரை நாட்டில் மாதேஸ்வரன் என்பவரின் மகள் யமுனா. மாதேஸ்வரன் மிளகு போட்டிருந்தார். யமுனா செம்மேட்டில் தினை, சாமை அரைத்துப் பாக்கெட் போடும் மகளிர் குழுவில் வேலை பார்த்தாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள்.

"மாப்பிள்ள என்ன வேல பண்றாப்ல?" என்று கேட்டார் மாதேஸ்வரன்.

"ஏத்தறாப்லீங்க" என்றாள் கண்ணாயி பெருமையாக.

"லாரிலயா?"

அர்த்தனாரி விளக்கினான். கடை என்றான், கட்டளை என்றான், உலகம் முழுக்க இறக்கிக்கொள்வார்கள் என்றான். மாதேஸ்வரன் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் போனை நீட்டினார். "அந்தக் கடையத் தொறங்க. நீங்க ஏத்துனதக் காட்டுங்க."

காட்டினான். பார்த்தார். "இதுல உங்க பேரு எங்கீங்க?"

"பேரு வராதுங்க மாமா. கம்பெனி பேருதான் வரும்."

"செரி. நான் மொளகு வெளையவெச்சா, சாக்கு மேல யாவாரி பேரு போட்டுக்கற மாதிரி."

"ஆமாங்க."

"நானாச்சும் மொளகு வெளையவெக்கறேன்" என்றார் மாதேஸ்வரன். சத்தம் உயர்த்தாமல்தான் சொன்னார். பிறகு முடிவையும் சொன்னார். "ஆடியில வர்ற ஓரி விழாவுக்குள்ள இந்தக் கடையில உங்க பேரு வரட்டும். வந்தா தேதி குறிக்கலாம். வல்லீன்னா சேந்தமங்கலத்துல பால் வேன் வெச்சிருக்கறவரு ஒருத்தரு கேட்டுட்டிருக்காருங்க. அவுரு பேரு வேன்லயே எழுதியிருக்குது."

யமுனா காபி கொண்டுவந்து வைத்தாள். அர்த்தனாரி அவளைப் பார்த்த மாத்திரத்தில் பால் வேனை வெறுத்தான். அவள் அவனிடம் கேட்டது ஒன்றுதான். "ஏனுங்க, பஸ்ஸு எப்ப வரும்னு சொல்ற மாதிரி ஒண்ணு பண்ண முடியுங்களா?"

பஸ்ஸுக்காக நிற்கிற ஒரு பெண்ணின் கேள்வி அது. அர்த்தனாரிக்கு அது காதல் மாதிரி கேட்டது.

அப்படிப் பிறந்ததுதான் 'மலை பஸ்'. இணையத்தில் யாரோ எழுதிவைத்த ஆப் ஒன்றை எடுத்து, செம்மேடு பஸ் நிலையத்துப் பலகையைப் படம் பிடித்து, அதிலிருந்த நேரத்தையெல்லாம் அப்படியே உள்ளே போட்டான். ஒரு நாள்கூட அந்தப் பஸ்ஸில் ஏறிப் பார்க்கவில்லை. பலகையில் எழுதியிருக்கிறது, அதற்குமேல் என்ன வேண்டும்? பாறைமேல் உட்கார்ந்து தன் வரியைத் தட்டினான். காற்று ஒத்துழைத்தது. மூட்டை போய்ச் சேர்ந்தது.

ஆனால் கடைக்காரர்கள் புதுச் சரக்கை உடனே வாசலில் வைப்பதில்லை. ஒரு டஜன் பேர் அந்த ஆப்பைத் தங்கள் போனில் இரண்டு வாரம் விடாமல் வைத்திருந்து சோதித்துக் காட்ட வேண்டும். இடையில் ஆள் கழன்றால் கணக்கு முதலிலிருந்து. கம்பெனியில் இருந்தவரை இது அர்த்தனாரியின் கவலை இல்லை. அங்கே சோதிப்பதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள்.

ஊரில் ஒரு டஜன் பேரைப் பிடிப்பதா பெரிது? மாமன், மச்சான், சின்னராசு, மாதேஸ்வரன், யமுனா என்று சேர்த்துவிட்டான். நிலைக்கவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சின்னராசு இரண்டாம் நாளே தூக்கிவிட்டான்.

"போன்ல எடமில்லடா. சல்லிக்கட்டு வீடியோ நெறைய இருக்குது."

"ஒரு சல்லிக்கட்டத் தூக்கறது?"

"எந்தக் காளையத் தூக்கச் சொல்ற?"

அவனை மறுபடி சேர்த்தால் மச்சான் போனைக் குழந்தை பிடுங்கி அழித்துவிட்டது. அதைச் சரிசெய்தால் பெரியப்பா போன் பலாப்பழச் சுளையோடு சேர்ந்து தொட்டித் தண்ணீரில் விழுந்தது. கணக்கு முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து என்று சித்திரை போய் வைகாசியும் வந்துவிட்டது.

சோற்றைப் பிசைந்துகொண்டே அர்த்தனாரி அம்மாவிடம் அழாக்குறையாகச் சொன்னான். "ரெண்டே வாரம் கைய வெக்காம இருங்கடான்னா ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான்."

கண்ணாயி ரசத்தை ஊற்றினாள். "காப்புக் கட்டி உடு. அப்பத்தான் அடங்குவானுக."

அவள் கேலிக்குச் சொன்னாள். மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டினால், காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, கறி தின்னக்கூடாது, வாக்கு மாறக்கூடாது என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். கம்பெனியில் பூங்கொத்து வாங்கி வந்த அர்த்தனாரி, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு யோசித்தான். யோசிக்க யோசிக்க அதைவிட நல்ல யோசனை உலகத்தில் இல்லை என்று பட்டது.

மறுநாள் கோயில் முன்னால் எல்லோரையும் போனோடு வரச்சொன்னான். மஞ்சள் கிழங்கு முடிந்த நூலை ஒவ்வொரு போனின் இடுப்பிலும் சுற்றிக் கட்டினான். சின்னராசு முதலில் சிரித்தான். கட்டி முடித்ததும் போனை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அர்த்தனாரி அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

நூலும் கிழங்குமாகப் பெரக்கரை நாட்டுக்கும் போனான். மாதேஸ்வரன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து போனைக் கொடுத்தார். யமுனா மட்டும் தன் போனைத் தரவில்லை.

"போனுக்குக் காப்புங்களா?" என்றாள். "காப்பு அவுக்கறன்னைக்குக் கெடா யாரு வெட்டறது, கடைக்காரனா?"

"ஆப்ப அழிக்காம இருக்கத்தானுங்க."

"அழிக்காம இருக்கறதுக்கு எனக்கு நூல் எதுக்குங்க? சொன்னாப் போதாதா?"

மாதேஸ்வரன் மகளை முறைத்தார். அர்த்தனாரி நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒரு பெண் தன் பேச்சை நம்பச் சொல்கிறாள் என்பது அவன் மண்டையில் ஏறவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று மட்டும் நினைத்தான்.

அதன்பிறகு ஒரு பயலும் கழலவில்லை. அர்த்தனாரி தினமும் பாறைமேல் ஏறிக் கறுப்புத் திரையில் கேட்பான். மூட்டை இருக்கிறது என்று பதில் வரும். ஆட்கள் இருக்கிறார்களா என்று ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பான். எல்லாப் போனிலும் மஞ்சள் நூல் பளிச்சென்று இருக்கும். சின்னராசு கோழிக்குழம்பை வேண்டாம் என்றதாகச் சேதி வந்தது. அர்த்தனாரிக்கு நெஞ்சு நிறைந்தது. கம்பெனிக்காரனுக்கு இப்படி ஒரு வழி தோன்றியிருக்குமா என்று பாறையிடம் கேட்டான்.

இரண்டு வாரம் முடிந்து, ஊரே பார்க்க, கடைக்கு விண்ணப்பம் போட்டான். நாலைந்து நாளில் மெயில் வந்தது. சின்னராசு தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். "என்னடா சொல்றான்?"

அர்த்தனாரி படித்தான். திரும்பப் படித்தான். "ஆப்ப வெச்சிருந்தீங்க. ஒருத்தரத் தவிர யாரும் தொறக்கவே இல்லேங்கறான். இன்னும் ரெண்டு வாரம் சோதிச்சுட்டு வாங்கறான்."

"காப்புக் கட்டுனத எப்படிடா தொறக்கறது?" என்றான் சின்னராசு. உண்மையாகவே கோபப்பட்டான். "நான் ஊட்டுல சாமி படத்துக்கிட்ட வெச்சிருந்தேன். எல்ல தாண்டக்கூடாதுன்னு காரவள்ளிக்கு வண்டி ஓட்டறப்பக்கூட எடுத்துட்டுப் போவல. எத்தன சவாரி போச்சு தெரியுமா, போன் எடுக்காம!"

ஊர் முழுக்க விசாரித்தான். எல்லாம் அதே கதை. மச்சான் மனைவி தீட்டு என்று போன் இருந்த அறைக்கே போகவில்லை. பெரியப்பா தினமும் விபூதி போட்டிருக்கிறார், சார்ஜ் போடுகிற ஓட்டை அடைத்துக்கொண்டது. மாதேஸ்வரனைக் கூப்பிட்டால் போன் அணைத்திருந்தது. ஆள் விட்டுக் கேட்டால், காப்பு அவிழ்க்கவில்லையாம், பூசை மாடத்தில் இருக்கிறதாம். அழிக்காதே என்று கட்டினான். அவர்கள் தொடாமலே இருந்தார்கள். பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மெயிலின் கடைசியில், சோதித்தவர்களின் கருத்துகளைக் கடைப் பக்கத்தில் பார்க்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படிக்க அவன் கறுப்புத் திரையில் வழி இல்லை. இதுநாள்வரை சனத்துக்கானது என்று ஒதுக்கிய பக்கத்தைத் திறந்தான். காற்றடித்தது. பக்கம் பாதி வந்து நின்றது. லேப்டாப்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். பக்கத்துப் பாறையில் இருந்த குரங்கு அதைக் கவனமாகப் பார்த்தது. கடைசியில் பக்கம் வந்தது.

கருத்துகள் எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. யமுனா.

'காலை பஸ் வரவில்லை.'

'இன்றும் வரவில்லை. வந்துவிட்டதாக உங்கள் ஆப் சொல்கிறது.'

'மழை. குடை திரும்பிக்கொண்டது. ஆப்பில் பஸ் செம்மேட்டுக்கே போய்விட்டது. நான் இங்கேதான் நிற்கிறேன்.'

'நேரம் சொல்லவே வேண்டாம். பஸ் காரவள்ளியில் மலை ஏறியதா இல்லையா, அதை மட்டும் சொன்னால் போதும்.'

'இதைச் செய்தவர் எப்போதாவது பஸ்ஸில் போனதுண்டா?'

'படிக்கிறீர்களா?'

'படிக்கவில்லை என்று தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன். பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது.'

அர்த்தனாரி தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். இரண்டு வாரமாக ஒருத்தி இவனிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். இவன் நூல் இருக்கிறதா என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஓரி விழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அன்று மாலையே ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நூலை அறுத்தான். சிலர் பயந்தார்கள். அறுக்கிற பாவம் அவனுக்கே சேரட்டும் என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டான். மறுநாள் காரவள்ளிக்குப் போய் பஸ்ஸில் ஏறி வளைவு வளைவாக மேலே வந்தான். பலகை சொன்ன நேரத்துக்கும் பஸ்ஸுக்கும் எந்த உறவும் இல்லை. டிரைவர் டீ குடித்தால் ஒரு நேரம், கண்டக்டருக்குத் தெரிந்தவர் வந்தால் ஒரு நேரம்.

நேரத்தையெல்லாம் பிடுங்கி எறிந்தான். யமுனா எழுதியதை அப்படியே வைத்தான். பஸ் மலை ஏறியதைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு தட்டுத் தட்டினால், மேலே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். காரவள்ளியில் ஜீப்போடு நிற்கிற சின்னராசுதான் முதலில் தட்டினான். பஸ் வந்தது என்று சொல்லிவிட்டால் தனக்குச் சவாரி போய்விடுமே என்பது அவனுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் பழகிவிட்டது.

இந்த முறை எல்லோரும் தொட்டார்கள். தொட்டதோடு வைதார்கள். எழுத்து சிறிது, நிறம் பிடிக்கவில்லை, பஸ் படத்தில் கண்டக்டர் இல்லை. ஒவ்வொரு வசவுக்கும் ஒன்றைத் திருத்தி மறுபடி ஏற்றினான். மூட்டைக்கு ஒவ்வொரு முறையும் புது எண் போட வேண்டும். அவசரத்தில் பழைய எண்ணோடு தட்டிவிடுவான். 'இது ஏற்கெனவே வந்ததுதான்' என்று கறுப்புத் திரை திருப்பி அனுப்பும். முதல்முறையாக அவன் ஏற்றுகிற மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. முதுகும் கொஞ்சம் வலித்தது.

இரண்டு வாரம் முடிந்து மறுபடி விண்ணப்பம் போட்டான். விழாவுக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து மெயில் வந்தது. 'மலை பஸ்' வாசலுக்கு வந்துவிட்டது. கீழே சின்ன எழுத்தில் அவன் பெயர்.

மாதேஸ்வரன் போனை எடுத்து, துடைத்து, திறந்து பார்த்தார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் காட்டினார். "மாப்பிள்ள பேருங்க. கீழ பாருங்க, ஸ்டாரு வேற வந்திருக்குது. முழுசா ஒண்ணு!" அதற்கு ஐந்துவரை உண்டு என்று அவரிடம் சொல்லும் தைரியம் ஒருவருக்கும் வரவில்லை. பால் வேன்காரருக்குச் சேதி சொல்லியனுப்பினார். தேதி குறிக்க ஆள் பார்த்தார். மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது வழக்கமாக மறந்துபோகிற வேலை.

அந்த ஒற்றை ஸ்டார் யார் கொடுத்தது என்று அர்த்தனாரி பார்த்தான். யமுனா. பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'பஸ் இப்போது சரியாக இருக்கிறது. ஏற்றியவர்தான் சரியில்லை. இரண்டு வாரம் எழுதினேன். படிக்கவில்லை.'

உலகம் முழுக்க இறக்கிக்கொள்வார்கள் என்று மாமனாரிடம் பெருமை பேசியவன் அவன். இப்போது உலகம் முழுக்க அதைப் படிக்கலாம்.

இதற்கு எந்தக் கட்டளையும் இல்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெரக்கரை நாட்டுக்குப் போனான். யமுனா நிறுத்தத்தில் நின்றிருந்தாள், சாமை மாவு ஒட்டிய பையோடு.

"ஏனுங்க, ஒரு ஸ்டார்தானுங்களா?"

"ஒண்ணுமே போடாம எழுதலாம்னுதான் பாத்தேன்" என்றாள் யமுனா. "ஒண்ணாவது போட்டாத்தான் எழுத உடுது."

தூறல் ஆரம்பித்தது. அவள் குடையை விரித்தாள். அவனுக்கு இடம் விடவில்லை.

"அப்பா தேதி பாக்கறாருங்க" என்றான்.

"அப்பாவுக்கு உங்க பேரு வரோணும், வந்திருச்சு. அவரு சோதன முடிஞ்சுது. எம்பட சோதன இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க."

"என்ன பண்ணோணும்?"

"கடைக்காரனுக்கு ரெண்டு வாரம் தந்தீங்கல்ல, எனக்கும் தாங்க." அவள் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும். என்னயும் நூல் சுத்தி மாடத்துல வெச்சிராதீங்க. தெனமும் பேசோணும். நான் சொன்னத அன்னைக்கே கேக்கோணும்."

"சரீங்க. சரீங்க."

"பாக்கலாம்" என்றாள்.

வளைவில் பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. யமுனா குடையை மடக்கிக்கொண்டு ஏறினாள். அர்த்தனாரி போனை எடுத்து, பஸ் வந்துவிட்டது என்று ஒரு தட்டுத் தட்டினான். போகவில்லை. சிக்னலுக்காகக் கையை உயர்த்தினான். இரண்டடி தள்ளிப் போய்ப் பார்த்தான். போய்விட்டது என்று போன் சொன்னபோது நிமிர்ந்தான். பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

பின்கண்ணாடி வழியாக யமுனா பார்த்தாள். பையிலிருந்து போனை எடுத்து எதையோ எழுத ஆரம்பித்தாள். அர்த்தனாரி மழையில் நின்றபடி கடைப் பக்கத்தைத் திறந்து, அவள் எழுதுவது வருவதற்காகக் காத்திருந்தான்.